மாப்பிள்ளையின் இடது கை

மீனின் செவுளைத் தூக்காமலே, கண்ணை மட்டும் பார்த்து, அது பிடித்து எத்தனை நாள் ஆகிறது என்று சொல்லிவிடுவேன். கடலூர் துறைமுகத்தில் இதற்கு என்னோடு பந்தயம் கட்டித் தோற்றவர்கள் நிறைய. கம்ப்ரசர் ஓடும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்த வால்வு மக்கர் பண்ணுகிறது என்பேன். மெக்கானிக் வந்து பிரித்தால் அதுவாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கம் கரும்பு வெட்டிய குடும்பம். பதினாறு வயதில் முதுநகருக்கு வந்து, கொக்கி போட்டு ஐஸ் பார் இழுத்தேன். இழுத்த அதே தெருவில் பின்னாளில் சொந்தமாக ஐஸ் கம்பெனி வைத்தேன். என்னை யாரும் தூக்கிவிடவில்லை. இதை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் சொல்ல ஆள் இல்லை.

இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, தினம் எதிரில் வந்துபோன ஒரு கையை ஒரு வருஷத்துக்கு மேல் நான் சரியாகப் பார்க்கவில்லை.

அது என் தங்கச்சி வீட்டுக்காரரின் இடது கை. மங்கலம்பேட்டைக்காரர். கல்யாணம் ஆன கையோடு என் கம்பெனியில்தான் சேர்ந்தார். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நல்ல வேலைக்காரர். தண்ணீர் உறைந்ததும் தகர டின்னிலிருந்து கவிழ்த்த பாரை, கொக்கியின் ஒரே இழுப்பில் சறுக்குப் பலகைக்குக் கொண்டுவந்துவிடுவார். 2007 மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பலகையில் வந்த பார் ஒன்று திசைமாறிச் சுவரில் மோதியது. நடுவில் அவருடைய இடது கை. மணிக்கட்டுக்குக் கீழே ஒரு எலும்பில் மயிரிழை போல விரிசல், அவ்வளவுதான். மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரத்தில் பிரித்தார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கடலூர் எலும்பு டாக்டர், "நல்லா ஒட்டிக்கிச்சு, வேலைக்குப் போலாம்" என்றார்.

நான் கொக்கியை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"வலி இப்பதான் ஜாஸ்தியா இருக்கு மச்சான். சட்டைக் கை பட்டாலே எரியுது."

கட்டுப் போட்டிருந்தபோது இருந்ததைவிடக் கட்டுப் பிரித்த பிறகு வலி அதிகம் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் கம்பெனியில் அடிபட்டால் ஒரே வைத்தியம்தான். அரைத்த ஐஸில் கையை விடு. நான் முப்பது வருஷம் அப்படித்தான் செய்தேன். என் விரல் நசுங்கியதெல்லாம் அப்படித்தான் ஆறியது. "வா மாப்ள, நம்ம வைத்தியத்தப் பாக்கலாம்" என்று அவர் கையைப் பிடித்து, அரவை மிஷினுக்குக் கீழே கிடந்த ஐஸ் குவியலில் அழுத்தினேன். தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்தினார்.

"நெருப்புல வச்ச மாதிரி இருக்கு மச்சான், விடு, விடு!"

லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஐஸ் கம்பெனிக்காரன் ஐஸ் சுடுதுங்குறான் பாருங்கடா. சினிமாவுல சேத்துடலாம் இவர" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவர் கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

என் சந்தேகம் அன்று ஆரம்பித்தது.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் இல்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம் கம்பெனியில் பித்தளை வால்வு ஒன்று களவு போனது. அதற்கு முன் கேட்டைச் சாத்தக்கூட மாட்டோம். போன பிறகு இரண்டு காவக்காரர்களை வைத்தேன், ஆளுக்கொரு விசிலோடு. முன்கேட்டில் ஒருவன், பின்கேட்டில் ஒருவன். இவன் ஊதினால் அவன் ஊதுவான், அவன் ஊதினானே என்று இவன் மறுபடி ஊதுவான். பால்காரரைப் பிடித்தார்கள். பெருக்க வருகிற அம்மாவின் கூடையைக் கவிழ்த்தார்கள். நான் புது மொபெட் வாங்கி வந்த அன்று என்னையே கேட்டில் நிறுத்தினார்கள். திருடன் அந்த ஒரு தடவைதான் வந்தான். விசில் சத்தம் ஒரு வருஷம் ஓயவில்லை. நான் அவர்களை வேலையை விட்டு அனுப்பவில்லை. தினமும் ஒவ்வொரு ஆளாகக் கூட்டிக்கொண்டுபோய் அவர்கள் முன்னால் நிறுத்தி, "இவுரு பால்காரரு, இவுங்க பெருக்குற அம்மா, நல்லாப் பாத்துக்க" என்று பழக்கினேன். மெல்ல மெல்ல அடங்கினார்கள். அதையும் என் சாமர்த்தியம் என்றுதான் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். விசில் அடங்கியது. களவு விட்டுப்போன சந்தேகம் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

மாப்பிள்ளையைக் கவனிக்க ஆரம்பித்தேன். டீக்கடையில் சிரித்துப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். வலிக்கிறவன் சிரிப்பானா? ஒருநாள் கையைத் தொங்கவிட்டு நடக்கிறார், மறுநாள் துண்டால் மூடிக்கொள்கிறார். உண்மையான வலி என்றால் தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? நான் வந்தால் கை மடியில் போய் ஒளிந்துகொள்கிறது. வேறு யாராவது வந்தால் அப்படியே இருக்கிறது. (இன்னொரு தடவை நான் ஐஸில் அழுத்திவிடுவேன் என்ற பயமாக இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.) மஞ்சக்குப்பம் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிய ஒருநாள், அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். வேறு எங்காவது வேலை பார்க்கிறாரோ என்று. தேடிப் பிடித்தபோது அவர் ஒரு மருந்துக்கடையில் நின்றார், பிறகு பூங்காவில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார், திரும்பினார். ஆள் கெட்டிக்காரர், நான் பின்னால் வருவது தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு பரீட்சை வைத்தேன். தங்கச்சி வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். மாப்பிள்ளை பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார், இடது கையைத் தலையணை மேல் தனியாகக் கிடத்தி, மின்விசிறிக் காற்று படாத பக்கமாக. தூங்குகிறவன் நடிக்க முடியாது. கையோடு கொண்டுபோன தூக்குவாளியிலிருந்து ஒரு துண்டு ஐஸை எடுத்து, அந்தப் புறங்கையில் வைத்தேன்.

துள்ளி எழுந்து சுவரில் போய் முட்டினார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பிறகு அங்கேயே வாந்தி எடுத்தார்.

தங்கச்சி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். தரையில் ஐஸ், என் கையில் வாளி.

"என்னாண்ணே பண்ண?"

"அவுரு தூங்கவே இல்லம்மா. கண்ண மூடிக்கினு இருந்தாரு" என்றேன்.

அதை நான் நம்பித்தான் சொன்னேன். துள்ளாமல் இருந்திருந்தால் வலி இல்லை என்றிருப்பேன். துள்ளியதால் தூங்கவில்லை என்றேன். இப்போது எழுதும்போது தெரிகிறது, அந்த மனுஷன் எந்த வழியில் போனாலும் நான் விசிலோடு கேட்டில் நின்றிருக்கிறேன்.

தங்கச்சி தரையைத் துடைத்து முடித்தாள். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "சிதம்பரத்துல வலிக்குன்னே பாக்குற டாக்டரம்மா ஒருத்தவுங்க இருக்காங்களாம். வர்ற வாரம் போறோம். நீயும் வரணும். உள்ள வந்து உக்காரணும். அவுங்க முன்னாடி உன் சந்தேகத்த எல்லாம் கேளு. அப்பறமும் இவுரு நடிக்கிறாருன்னு நீ சொன்னா, நாங்க மங்கலம்பேட்டைக்கே போயிடுறோம். அதுக்கப்பறம் எனக்கு அண்ணன் கெடையாது."

"வரேன்" என்றேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டேன். படித்தவர்கள் முன்னால் ஆள் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் மாப்பிள்ளை ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பரங்கிப்பேட்டை பிரிவு வருவதற்குள் எழுந்து இந்தப் பக்கம் மாறினார். காற்று பட்டால் எரிகிறதாம். இந்தப் பக்கம் ஆள் இடிக்கிறார்கள் என்று மறுபடி அந்தப் பக்கம். காற்று வலிக்குமா? அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் பெஞ்சில் இருந்தோம். அங்கே ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, மாப்பிள்ளை யாரும் கேட்காமலே எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். இந்தச் சின்ன வயசுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவர் மாப்பிள்ளையிடம் பேச ஆரம்பிக்கும் முன் நானே முந்திக்கொண்டேன்.

"அம்மா, நான் அஞ்சாவதுதான். ஆனா என்ன ஏமாத்துனவன் துறைமுகத்துலயே கெடையாது" என்று தொடங்கி, மீன் கண், கம்ப்ரசர் சத்தம், பித்தளை வால்வு, இரண்டு காவக்காரர்கள், விசில், அவர்களை நான் பழக்கிய விதம் எல்லாவற்றையும் சொன்னேன். தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா கடைசி வரை கேட்டார்.

"சரிங்க ஐயா. உங்க கண்ணு நல்ல கண்ணுன்னு சொல்றீங்க. எனக்காக ஒரு வேலை செய்ங்க. அவர் கையைத் தொடாதீங்க. ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வைக்கச் சொல்றேன். பாத்துட்டு என்ன வித்தியாசம்னு நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளை இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தார். நான் குனிந்தேன்.

முதலில் நகம். வலது கை நகம் சாதாரணமாக இருந்தது. இடது கையில் நகங்கள் வரிவரியாக, முனை வளைந்து, தடித்துப் போயிருந்தன. இடது கைத் தோல் எண்ணெய் பூசியது போல மினுமினுத்தது, நிறமும் கொஞ்சம் கருநீலம். மணிக்கட்டுக்குக் கீழே முடி அடர்த்தி. உள்ளங்கையில் வியர்வை பொட்டுப் பொட்டாக. வலது கை காய்ந்திருந்தது.

டாக்டரம்மா காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒரு கருவியைத் தொடாமல் காட்டி, இரண்டு கைக்கும் சூடு வேறு வேறு என்று எண்ணைக் காண்பித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கத்தறதை நடிக்கலாம் ஐயா. நகத்தை எப்படி நடிப்பாரு?"

நான் லேசில் விடுகிறவன் இல்லை. "அம்மாவுக்குச் சொந்த ஊரு எது? மங்கலம்பேட்டைப் பக்கமா?" என்று கேட்டேன். தங்கச்சி, "அண்ணே!" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவர் மதுரைக்காரர்.

"சரி, எலும்பு ஒட்டிக்கிச்சே. அப்பறம் எதும்மா வலிக்குது?"

"நல்ல கேள்வி. மூளையிலயும் முதுகுத்தண்டுலயும் நரம்பு செல்கள் மட்டும் இல்ல ஐயா. அதுகளைச் சுத்தித் துணைக்கு வேற செல்கள் இருக்கு. சாப்பாடு கொடுக்கறது, குப்பை அள்ளறது, காவல் பாக்கறது எல்லாம் அதுங்க வேலை. கையில அடிபட்ட சேதி மேல போனதும் அதுங்க முழிச்சிக்கும். அங்க ஒரு அழற்சியை உண்டாக்கும். வீக்கம் மாதிரின்னு வச்சிக்குங்களேன், ஆனா கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேல வராது. அது நல்லதுக்குத்தான். காயம் ஆறினதும் அதுங்க அடங்கிடணும். சில பேருக்கு அடங்கறதில்ல. துணை செல்கள் நரம்பைக் கிளப்பிவிடும், நரம்பு திரும்ப அதுங்களைக் கிளப்பிவிடும். திருடன் போயிட்டான். ஆனா..."

அவர் நிறுத்தினார். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது பிடிக்கவில்லை.

"பால்காரரப் புடிக்குதுங்க" என்றேன்.

"ஆமா. காத்து பட்டாலும் விசில், சட்டை பட்டாலும் விசில். ஐஸ் பட்டா ரெண்டு பேரும் சேந்து ஊதுவாங்க. அந்தச் சத்தம்தான் அவருக்கு வலி. பொய்ச் சத்தம் இல்ல, அவருக்கு நெஜமாவே நெருப்புல வச்ச மாதிரிதான் இருக்கும்." அதோடு இதையும் சேர்த்துச் சொன்னார். "இதுல எங்களுக்கே முழுசாத் தெரியாதது நெறைய இருக்கு. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா இவர் நடிக்கலைங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பி, "இதுல ஐஸ் எதுவும் வச்சீங்களா?" என்றார்.

மாப்பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஒரு தடவ பட்டுச்சுங்க" என்றார். தங்கச்சி என்னையே பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்தேன்.

மாத்திரை எழுதினார். அதைவிட முக்கியம் என்று சொன்னது வேறு. தினமும் பஞ்சால் தொட வேண்டும். அது பழகியதும் மெல்லிய துணி, பிறகு கதர், பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, வலிக்கிற கையைப் பின்னால் மறைத்து, நல்ல கையை ஆட்டி, கண்ணாடியில் பார்க்க வேண்டும். மூளை இரண்டு கையும் வலியில்லாமல் ஆடுகிறது என்று நினைக்குமாம். இது வித்தைக்காரன் வேலை மாதிரி இருக்கிறதே என்று உள்ளுக்குள் நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"உங்க காவக்காரங்களை நீங்க எப்படிப் பழக்குனீங்க? தினம் ஒரு ஆளைக் கொண்டுபோய்க் காட்டுனீங்கல்ல? அதேதான்."

பஸ் ஸ்டாண்டில் தங்கச்சி பஸ் ஏறவில்லை. விருத்தாசலம் வழி போகிற பஸ் ஒன்று எதிரில் நின்றது. அதில் ஏறினால் மங்கலம்பேட்டை. கடலூர் பஸ் இந்தப் பக்கம்.

"சொல்லுண்ணே. நடிக்கிறாரா?"

"அதான் அந்தம்மாவே சொல்லிடுச்சே."

"அவுங்க சொன்னத நான் கேட்டுட்டேன். நீ சொல்லு."

"இல்ல. நடிக்கல" என்றேன்.

"இங்க சொன்னா பத்தாது. அன்னிக்கு எங்க வச்சு சினிமாவுல சேக்கலாம்னு சொன்னியோ, அங்க வச்சுச் சொல்லணும். அத்தன பேரு முன்னாடியும்."

மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. "வுடு. மச்சான் நம்பணும்னு கூட இல்ல. தொடாம இருந்தாப் போதும்" என்றார்.

என் வாழ்நாளில் எவனுக்கும் தலை குனியாதவன் நான். ஆனாலும் அந்த வார்த்தைக்குப் பிறகு எந்தப் பஸ் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கடலூர் பஸ்ஸைக் காட்டினேன். அவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, காற்று வராமல் கண்ணாடியை இறக்கி மூடிவிட்டு, ஆள் இடிக்கிற பக்கம் நான் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை லோடு ஏற்றும் நேரம். அரவை மிஷினை நிறுத்தச் சொன்னேன். எட்டுப் பேர் நின்றார்கள். தங்கச்சி கேட்டருகில் நின்றாள். மாப்பிள்ளையை இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன்.

"இங்க பாருங்கடா. இவுரு நடிக்கிறாருன்னு நான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. இந்த நகத்தப் பாருங்க, எப்பிடி வளைஞ்சிருக்குன்னு. இந்தக் கையில முடி எப்பிடி இருக்கு, அந்தக் கையில எப்பிடி இருக்கு. இதெல்லாம் உத்துப் பாக்குற கண்ணுக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. என்னோடு சின்ன வயதிலிருந்து கொக்கி போட்ட பழைய ஆள் ஒருத்தர் தோளில் இருந்த சாக்கைச் சரி பண்ணிக்கொண்டே சொன்னார்.

"நகம் அப்பிடி ஆனது எங்களுக்கு ஆறேழு மாசமாத் தெரியும் மொதலாளி. உங்ககிட்ட சொன்னா, இவனும் அவரோட கூட்டுன்னு எங்களையும் புடிச்சிப்பீங்கன்னு சொல்லல."

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று சிரிக்கச் சொல்லாமலே சிரித்தவர்கள்தான். மிஷினைப் போடச் சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போனாள், பெட்டி கட்டவில்லை.

முடி வெட்டுகிற கடையில் பழைய கண்ணாடி ஒன்று வாங்கி, ஆபீஸ் மேஜையில் நிற்கிற மாதிரி கட்டை அடித்து வைத்தேன். மாப்பிள்ளை கொக்கி வேலையை விட்டுவிட்டு, எந்தப் படகுக்கு எத்தனை பார் என்று பார்த்து ஏற்றிவிடுகிற வேலையை எடுத்துக்கொண்டார். கரண்ட் கட் ஜாஸ்தியாக இருந்த வருஷங்கள் அவை. கம்ப்ரசர் நிற்கும்போதெல்லாம் அவர் கண்ணாடி முன் உட்கார்ந்து வலது கையை மடக்கி மடக்கி விரிப்பார். பஞ்சு வேலையை முதலில் தங்கச்சிதான் செய்தாள். ஒருநாள் அவளுக்கு முடியாதபோது பஞ்சை நான் எடுத்தேன். மாப்பிள்ளையின் கை பழையபடி மடிக்குள் போய்விட்டது.

"தொடட்டா மாப்ள?" என்றேன்.

என் கையையும் பஞ்சையும் பார்த்தார். பிறகு கையை மேஜைமேல் வைத்து, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "மெதுவா மச்சான்."

அதற்குப் பிறகு தினமும் கேட்டுத்தான் தொட்டேன். சில நாள் வேண்டாம் என்பார். ஒருநாள் இருந்த வலி மறுநாள் இருக்காது. ஏன் என்று கேட்கும் வாயை அடக்குவது பெரிய பாடாக இருந்தது. கதர் துணிக்கு வர எட்டு மாதம் ஆனது. வலி முழுதாகப் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. ஐஸ் பக்கம் அந்தக் கை போவதே இல்லை. டாக்டரம்மா முன்கூட்டியே அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆனால் 2010 வாக்கில் சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டார். நகங்கள் மெல்ல நேராக வளர்ந்தன. வாரம் ஒருமுறை நானே பார்த்தேன். பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று மறுபடியும் சொல்ல ஆரம்பித்தபோது, தங்கச்சி, "ஆமா, ஆமா" என்றாள். அவள் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்ததே அந்த "ஆமா, ஆமா"வில்தான்.

'தானே' புயல் அடித்து ஓய்ந்த கையோடு, 2012 தொடக்கத்தில், கம்பெனிக் கூரையைச் சரி பண்ணும் வேலையாகக் கடைத்தெருவுக்குப் போனோம், நானும் அவரும். தெருவைக் கடக்கும்போது ஒரு லாரி வேகமாக வந்தது. பின்னாலிருந்து என் தோளை ஒரு கை பிடித்து இழுத்தது. லாரி போனது. கை அப்படியே தோளில் இருந்தது.

இடதா, வலதா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"பாத்துட்டியா மச்சான்? இப்பவாவது வுடு" என்று சொல்லிவிட்டு, வலியில் முகத்தைச் சுளித்தபடி, மாப்பிள்ளை அந்த இடது கையை எடுத்து மெதுவாக உதறிக்கொண்டார்.